நஞ்சுக்கொடி தானா விழுற வரைக்கும் காத்திருக்கலாமா? போன தடவை பட்டது போதும்

ரெண்டாவது_ரவுண்டு:

எல்லாருக்கும் வணக்கம். 33 வாரம் முடிஞ்சு 34 நடக்குது, ரெண்டாவது குழந்தை. நான் கேக்க வந்தது பிரசவத்தப் பத்தி இல்ல, அதுக்கு அடுத்த அரை மணி நேரத்தப் பத்தி. அத யாருமே பேசுறதில்ல, குழந்தை வெளிய வந்துட்டா கதை முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு கதையே அங்கதான் ஆரம்பிச்சுது.

மொதல் குழந்தை சுகப்பிரசவம்தான். வலியெல்லாம் நல்லாவே தாங்கிட்டேன். பொண்ண என் நெஞ்சு மேல வச்சு அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது, தொப்புள் கொடிய வெட்டிட்டாங்க, ஒருத்தங்க அடிவயித்த பெசையுறாங்க இன்னொருத்தங்க கீழ கொடியப் புடிச்சு இழுக்குறாங்க, "முக்குங்கம்மா முக்குங்க"ன்னு ஒரே சத்தம். எனக்கு அப்ப வலியே இல்ல, எத முக்குறது? இழுத்த இழுப்புல கொடி அறுந்துருச்சு. ரூம்ல இருந்த அத்தன பேரும் ஒரு நிமிஷம் வாய மூடிட்டு நின்னாங்க பாருங்க, அதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. அப்புறம் பொண்ண எடுத்துட்டுப் போயிட்டாங்க, என்னைத் தள்ளிட்டுப் போய் மயக்கம் குடுத்து கைய விட்டு நஞ்சுக்கொடிய எடுத்தாங்க. மறுபடி பொண்ண கையில வாங்க மூணு மணி நேரம் ஆச்சு.

அன்னைக்கு வேற நிறைய கேஸ் இருந்துச்சு, அவங்களுக்கு அவசரம். யாரையும் திட்டுறதுக்காக எழுதல. ஆனா இந்த தடவை அப்படி நடக்கக்கூடாது.

இப்ப கேள்விக்கு வர்றேன். நஞ்சுக்கொடி தானா கழண்டு விழுற வரைக்கும் இழுக்காம இருங்கன்னு கேக்கலாமா? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? அதுக்கு, குழந்தை பொறந்ததும் கர்ப்பப்பை சுருங்க போடுற ஊசியே வேண்டாம்னு சொல்லணுமா, இல்ல ஊசி போட்டுட்டு இழுக்காம இருக்கலாமா? நெட்ல ஒரு பக்கம் "எல்லாம் இயற்கை பாத்துக்கும்"ங்குறாங்க, இன்னொரு பக்கம் ரத்தப்போக்குல உசுரே போயிரும்ங்குறாங்க, ரெண்டையும் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். அனுபவம் இருக்குறவங்க, நர்ஸ் அக்காங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மழைக்கால_அம்மா:

சிஸ், படிக்கும்போதே வயித்தப் பிசையுது. என் கதைய சொல்றேன், எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும்னு எடுத்துக்காதீங்க.

எனக்கு மிட்வைஃப் (பிரசவம் பாக்கப் படிச்சவங்க) பாத்த பிரசவம், ஆனா ஆஸ்பத்திரிக்குள்ளயேதான், டாக்டர் அடுத்த ரூம்ல. ஊசி இல்லாம காத்திருக்கலாம்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். பையன் பொறந்ததும் கொடிய வெட்டவே இல்ல, துடிப்பு நிக்குற வரைக்கும் விட்டுட்டாங்க. நான் தொட்டுப் பாத்தேன், மொதல்ல தடிமனா நீலமா முறுக்குன கயிறு மாதிரி இருந்துச்சு, உள்ள நாடி அடிக்குறது விரலுக்கே தெரியுது. போகப்போக வெளுத்து தொவண்டு போச்சு.

அப்புறம் காத்திருந்தோம் காத்திருந்தோம்... 20 நிமிஷம், 30 நிமிஷம், ஒண்ணும் காணோம். லேசா வயிறு முறுக்கும், நின்னுரும். ரத்தம் ரொம்ப கம்மி, நாடி பிரஷர் எல்லாம் சரியா இருந்துச்சு, அதனால அவங்க பதறல, ஆனா அடிக்கடி பாத்துட்டே இருந்தாங்க. 40 நிமிஷம் தாண்டுனதும் எனக்குதான் உள்ளுக்குள்ள உதறல். அப்பதான் அவங்க "கடைசியா எப்ப யூரின் போனீங்க"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா எனக்கு ஞாபகமே இல்ல, அஞ்சாறு மணி நேரம் ஆகியிருக்கும், பிரசவ வலியில அந்த உணர்ச்சியே தெரியல. ரெண்டு பேர் தாங்கிப் புடிச்சு உக்கார வச்சாங்க, கீழ ஒரு பெரிய பேசின். நம்பவே மாட்டீங்க, அவ்வளவு யூரின். முடிஞ்சு ரெண்டு நிமிஷத்துல வயிறு கெட்டியா இறுகி கீழ ஏதோ கனமா அழுத்துச்சு, லேசா இருமினேன், பொத்துனு பேசின்ல விழுந்துருச்சு. குழந்தைக்கு முக்குனதுல பத்துல ஒரு பங்கு கூட முக்கல. மொத்தம் 52 நிமிஷம்.

அவ்வளவு நேரம் வழிய மறிச்சுட்டு நின்னது என் மூத்திரப்பைதான்!! இத யாரும் எனக்கு முன்னாடி சொல்லல, அதான் இங்க எழுதுறேன்.

வார்டு_அக்கா:

ரெண்டாவது ரவுண்டு, உங்களுக்குத்தான்ம்மா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும். பிரசவ வார்டுல 19 வருஷமா இருக்கேன்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க, அது தெரிஞ்சா பாதி பயம் போயிரும். ஒரு ரப்பர் ஷீட்ட இழுத்துப் புடிச்சு அதுமேல ஒரு தாள ஒட்டி, ரப்பர விட்டுப் பாருங்க. ரப்பர் சுருங்கும், தாள் சுருங்காது, அதனால கழண்டு வந்துரும். கர்ப்பப்பையும் அப்படித்தான். குழந்தை வெளிய வந்ததும் அது சுருங்குது, நஞ்சுக்கொடி சுருங்க முடியாது, ஒட்டியிருந்த எடத்த விட்டு உரிஞ்சு வருது. அங்க தொறந்து கிடக்குற ரத்தக்குழாய்ங்கள, குறுக்கும் நெடுக்குமா ஓடுற தசைநாருங்க இறுக்கிக் கட்டி அடைச்சுருது. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போகுதும்மா. தசை இறுகலைன்னா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. எல்லாமே அந்த இறுக்கத்துலதான் இருக்கு.

இறுக வைக்கிறது ஆக்ஸிடோசின்ங்குற ஹார்மோன், நீங்க கேட்ட ஊசியும் அதுதான். உங்க உடம்பே சுரக்கும், குழந்தை நெஞ்சு மேல தோலோட தோலா கிடக்கும்போது, பால் சப்பும்போது இன்னும் சுரக்கும். பயந்தாலோ குளிர்ல நடுங்கினாலோ சுத்தி பத்து பேர் கத்தினாலோ அது சுருண்டு போயிரும். அதனாலதான் சத்தம் கொறைங்க, தாய்க்கு போர்த்தி விடுங்கன்னு நான் புதுசா வர்ற பொண்ணுங்கள விரட்டிட்டே இருப்பேன்.

இப்ப உங்களுக்கு என்ன தப்பா நடந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்னா, நஞ்சு கழண்டுச்சா இல்லையான்னு பாக்காமலே இழுத்துருக்காங்க. கழண்டதுக்கு அடையாளம் இருக்கு. வெளிய தொங்குற கொடி தானா நீளும் (நாங்க வாசலுக்குப் பக்கத்துல ஒரு கிளிப் போட்டு வைப்போம், அது கீழ எறங்குறது கண்ணுக்கே தெரியும்), குபுக்குனு கொஞ்சம் ரத்தம் வரும், வயித்துல கர்ப்பப்பை பந்து மாதிரி உருண்டு கெட்டியாகி கொஞ்சம் மேல ஏறி நிக்கும். பூப்பெலும்புக்கு மேல கைய வச்சு கர்ப்பப்பைய மேல தள்ளினா, கழலாத கொடி உள்ள போகும், கழண்டது அசையாது. இதெல்லாம் இல்லாம தொவண்டு கிடக்குற கர்ப்பப்பையில இருந்து இழுத்தா கொடி அறுந்ததோட போச்சுன்னா அது நல்ல நேரம்னே சொல்லுவேன், சில சமயம் சட்டைக் கை உள்புறம் வெளிய திரும்புற மாதிரி கர்ப்பப்பையே திரும்பி வந்துரும், அது உயிருக்கே ஆபத்து.

வயித்த பெசையுறதும் அப்படித்தான். நஞ்சு உள்ள இருக்கும்போது சும்மா சும்மா பெசைஞ்சா ஒரு ஓரம் மட்டும் கழண்டு மீதி ஒட்டியிருக்கும், கர்ப்பப்பையால முழுசா இறுக முடியாது, கழண்ட எடத்துல ரத்தம் கொட்டும். கைய மேல வச்சுப் பாத்துட்டு இருக்கலாம், நோண்டக்கூடாது. நஞ்சு வெளிய வந்தப்புறம் தேய்ச்சு கெட்டியா இருக்கான்னு பாக்குறது வேற, அது அவசியம்.

ஆனா காத்திருக்குறதுன்னா பேசாம உக்காந்திருக்குறதுன்னு நினைச்சுராதீங்க. கை சும்மா இருக்கும், கண்ணு சும்மா இருக்காது. நாடி, பிரஷர், ரத்தம் எவ்வளவு போகுது, மூஞ்சி வெளுக்குதா, எல்லாம் பாத்துட்டே இருக்கணும். நேரக்கணக்கும் உண்டு. ஊசி போட்டிருந்தா 30 நிமிஷம், ஊசி இல்லாம தானா விழட்டும்னு விட்டிருந்தா 60 நிமிஷம், அதுக்கு மேல போனா நஞ்சு தங்கிருச்சுன்னு எடுத்துக்கிட்டு அடுத்த வேலையப் பாக்கணும். நடுவுல ரத்தம் அதிகமா போச்சுன்னா 10 நிமிஷம் ஆனாலும் சரி, அதோட காத்திருக்குறது முடிஞ்சுது.

எல்லாருக்கும் ஊசி இல்லாம விட முடியாது. ரத்தசோகை இருக்குறவங்க, ஏற்கனவே பிரசவத்துல ரத்தப்போக்கு ஆனவங்க, ரெட்டைக் குழந்தை, வலி வர டிரிப் ஏத்துனவங்க, நஞ்சு கீழ எறங்கி இருக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் நான் ஊசி போடுங்கன்னுதான் சொல்லுவேன். முன்னாடி சிசேரியன் ஆகி அந்த தழும்பு மேலயே நஞ்சு உக்காந்திருந்தா அது வேற விஷயம், ஒட்டிப் புடிச்சிருக்கலாம், அத முன்னாடியே ஸ்கேன்ல பாத்து பெரிய ஆஸ்பத்திரியில பிளான் பண்ணணும்.

உங்க ஹீமோகுளோபின் எவ்வளவும்மா?

சும்மா_சொல்றேன்:

எல்லாரும் பொறுமை பொறுமைன்னு எழுதுறீங்க, நான் மறுபக்கத்தையும் சொல்லிடுறேன், கசப்பா இருந்தாலும் பரவால்ல.

நானும் ஊசி வேண்டாம்னு சொன்னவதான். பிடிவாதமா சொன்னேன், எழுதியே குடுத்தேன். பொண்ணு பொறந்தா, நெஞ்சு மேல போட்டாங்க, லைட்ட கொறைச்சாங்க, அவ்வளவு அமைதியா இருந்துச்சு. 25 நிமிஷத்துக்கு எல்லாம் அழகுதான். அப்புறம் முதுகுக்கு கீழ கதகதன்னு இருந்துச்சு. சொகமா இருக்குன்னு நினைச்சேன், சத்தியமா. தூக்கம் தூக்கமா வந்துச்சு, காதுக்குள்ள ஙொய்ங்குனு ஒரு சத்தம், யாரோ தூரத்துல பேசுற மாதிரி. புள்ளய புடிச்சிருந்த கை தானா தளர்ந்துச்சு. என் அக்காதான் "இவ மூஞ்சி ஏன் இப்படி ஆகுது"ன்னு கத்துனா. போர்வைய தூக்கிப் பாத்தா அடியில விரிச்சிருந்த துணி மொத்தமும் ஊறி ஓரத்துல சொட்டிட்டு இருக்கு. லைட் கொறைவு, போர்வை மேல இருக்கு, யாருக்கும் தெரியல.

ஊசி, டிரிப், கைய விட்டு எடுக்குறது எல்லாம் ஆச்சு. ஒரு லிட்டருக்கு மேல போயிருக்கும்னு சொன்னாங்க, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க. நாலு மாசம் மாடிப்படி ஏற மூச்சு வாங்குச்சு.

அதனால சொல்றேன், நீங்க காத்திருக்கணும்னா தாராளமா இருங்க, ஆனா உங்களுக்கு கீழ என்ன நடக்குதுன்னு விடாம பாக்குற ஆள் ஒருத்தர் இருக்காங்களான்னு மொதல்ல உறுதி பண்ணிக்குங்க. வீட்ல யாரும் இல்லாம இத முயற்சி பண்றேன்னு கிளம்புறவங்கள பாத்தா எனக்கு கோவமா வருது.

தூக்கமில்லா_அப்பா:

ஆம்பள நான் இதுல பேசலாமான்னு தெரியல, ஆனா அந்த அரை மணி நேரம் ரூம்ல நானும் இருந்தேன், பேசிடுறேன்.

எங்களுக்கு ஊசி போட்டாங்க, தொடையில. கொடிய மூணு நிமிஷம் கழிச்சு வெட்டுனாங்க. அதுக்கப்புறம் யாரும் எதையும் இழுக்கல. வீட்டம்மா குழந்தையப் பாத்து சிரிச்சுட்டு இருக்கா, எனக்கு மட்டும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, சுவத்துல கடிகாரத்த பாக்குறேன், நர்ஸப் பாக்குறேன், மறுபடி கடிகாரம். "இன்னும் வரலையே, ஏதாவது பண்ணுங்களேன்"னு மூணு தடவை கேட்டுருப்பேன். மூணாவது தடவை அந்த நர்ஸம்மா "ஒம்பது மாசம் இருந்தது ஒம்பது நிமிஷத்துல வரணுமா தம்பி, நீங்க இப்படி கேட்டுட்டே இருந்தா அவங்களுக்கு பதட்டமாகும், இங்க வந்து இந்த போர்வைய புடிங்க"ன்னு ஒரு வேலையக் குடுத்துட்டாங்க. போர்வைக்கு யாரும் புடிக்கத் தேவையே இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

குழந்தை மெல்ல ஊர்ந்து ஊர்ந்து பால் குடிக்க ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல இவ மூஞ்ச சுளிச்சு "ஐயோ மறுபடி வலிக்குது"ன்னா. நான் அலறப் போனேன். நர்ஸ் "அதுதான், வரட்டும்"னாங்க, அடையாளம் பாத்து ஒரு கையால வயித்த தாங்கிப் புடிச்சு இன்னொரு கையால கொடிய லேசா வழிகாட்டுற மாதிரி புடிச்சாங்க, வந்துருச்சு. 14 நிமிஷம். எனக்கு 14 வருஷம்.

அவளுக்கு அதுக்கப்புறம் பல்லு தந்தியடிக்குற மாதிரி நடுக்கம் வந்துச்சு, நிறைய பேருக்கு வரும், போர்த்தி விட்டா சரியாயிரும்னாங்க, சரியாச்சு. அந்த நேரம் போர்வை நிஜமாவே உதவுச்சு.

மூணாம்_வருஷ_நர்சிங்:

ஐய்யோ இது போன மாசம் நான் செமினார் எடுத்த டாபிக், வாய மூடிட்டு இருக்க முடியல, நம்பர்ஸ் வேணும்னா நான் தர்றேன்.

ஊசி கொடி இழுப்பு எல்லாம் சேத்து பண்றது நல்லதா, ஒண்ணுமே பண்ணாம விடுறது நல்லதான்னு இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 1988ல வெளியாச்சு. 500 மில்லிக்கு மேல ரத்தப்போக்கு ஆனவங்க, சும்மா விட்ட குரூப்புல 17.9 சதவீதம், ஊசி குரூப்புல 5.9 சதவீதம். "அங்க இருந்த மிட்வைஃப்களுக்கு சும்மா விட்டுப் பழக்கம் இல்ல, அதான் அப்படி வந்துச்சு"ன்னு நிறைய பேர் சண்டைக்கு வந்தாங்க. சரின்னு ரெண்டு முறையும் பழகுன எடத்துல, ஹிஞ்சிங்புரூக் ஆஸ்பத்திரியில பண்ணி 1998ல போட்டாங்க, அங்கயும் 16.5க்கு 6.8. அதனால ஊசி ரத்தப்போக்க கொறைக்குதுங்குறதுல பெருசா வாதம் பண்ண எடம் இல்ல.

ஆனா பாருங்க, இந்த அக்கா கேட்டது ஊசியப் பத்தி இல்ல, இழுக்குறதப் பத்தி! அதுக்கும் பதில் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 8 நாட்டுல 24,000க்கு மேல பெண்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2012ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல போட்டாங்க. எல்லாருக்கும் ஊசி உண்டு. ஒரு பாதிக்கு கொடிய புடிச்சு பக்குவமா இழுத்து எடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு இழுக்காம தானா வர விட்டாங்க. பெரிய ரத்தப்போக்குல சொல்லிக்குற மாதிரி வித்தியாசமே இல்ல. இழுக்காதவங்களுக்கு சராசரியா 6 நிமிஷம் கூட ஆச்சு, அவ்வளவுதான்!! ஆறே ஆறு நிமிஷம். வேலைய செய்யுறது ஊசிதான், இழுக்குறது இல்லன்னு எங்க மேடம் போர்டுல பெருசா எழுதிப் போட்டாங்க. இழுக்குறதுன்னாலும் அது தெரிஞ்ச ஆள்தான் செய்யணும்னு இப்ப வழிகாட்டுதலே இருக்கு.

சும்மா சொல்றேன் அக்கா எழுதுனது படிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்குதான் இப்ப அளவு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்துருக்கு, தாய்க்கு அடியில விரிச்சா ரத்தம் ஒரு பையில சேரும், பையில கோடு போட்டிருக்கும், கண்ணால குத்துமதிப்பா சொல்லுற வேலையே இல்ல. கண்ணால பாத்து சொன்னா பெரும்பாலும் கம்மியாத்தான் சொல்லுவோம். நாலு ஆப்பிரிக்க நாடுகள்ல அந்த விரிப்போட, ரத்தம் கூடுதலா போனதும் எல்லா சிகிச்சையும் ஒண்ணு ஒண்ணா காத்திருக்காம ஒரே மூச்சுல குடுக்குறதுன்னு பண்ணி 2023ல ரிசல்ட் வந்துச்சு, மோசமான கேஸ் 60 சதவீதம் கொறைஞ்சுருக்கு.

இன்னொரு விஷயம், கொடிய லேட்டா வெட்டுறதுல குழந்தைக்கு 80லிருந்து 100 மில்லி ரத்தம் கூட போய்ச் சேரும், இரும்புச்சத்து பல மாசத்துக்கு தாங்கும். ஊசி போட்டாலும் இத செய்யலாம், ஒண்ணுக்கொண்ணு முட்டாது. (சம்பந்தம் இல்லாத ஒண்ணு: ஆக்ஸிடோசின லேப்ல மொதல்ல செஞ்சது 1953ல, செஞ்ச வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955ல வேதியியல் நோபல். வைவாவுல கேட்டாங்க, எனக்கு தெரியல, அதான் இப்ப மறக்கவே மாட்டேங்குது.)

ரெண்டாவது_ரவுண்டு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, மூணு தடவை படிச்சேன். அந்த 6 நிமிஷம்னு படிச்சதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு, ஆறு நிமிஷத்த மிச்சம் பண்ணப் போய் மூணு மணி நேரம் என் பொண்ணு இல்லாம கிடந்திருக்கேன்.

சும்மா சொல்றேன் சிஸ், நீங்க எழுதுனதுதான் எனக்கு ரொம்ப தேவைப்பட்டுச்சு, கசப்பெல்லாம் இல்ல.

வார்டு அக்கா, ஹீமோகுளோபின் போன வாரம் 9.6. மாத்திரை சாப்டுட்டு இருக்கேன். அப்ப எனக்கு ஊசி கண்டிப்பா வேணுமா? ஒரு தடவை நஞ்சு தங்குனா மறுபடி தங்குமா?

வார்டு_அக்கா:

9.6க்கு ஊசி போட்டுக்குங்கம்மா, யோசிக்கவே வேண்டாம். ரத்தம் கம்மியா இருக்குறவங்களால கொஞ்சம் போனா கூட தாங்க முடியாது. மாத்திரைய விடாதீங்க, இன்னும் அஞ்சாறு வாரம் இருக்கு, கொஞ்சம் ஏறும், ஏறலைன்னா டிரிப்ல இரும்புச்சத்து ஏத்தலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

ஒரு தடவை கைய விட்டு எடுத்தவங்களுக்கு மறுபடி தங்குற வாய்ப்பு மத்தவங்கள விட கூடுதல்தான், மறைக்க மாட்டேன். ஆனா உங்களுக்கு நடந்தது நிஜமாவே தங்குனதா, காத்திருந்தா வந்துருக்குமான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அதனால போன தடவை நடந்தத ஒண்ணு விடாம டாக்டர்ட்ட சொல்லுங்க, பழைய டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. கையில ஊசிக்குழாய் முன்னாடியே போட்டு வைக்கச் சொல்லுங்க, ரத்தம் தயாரா இருக்கான்னு கேளுங்க. "இழுக்காதீங்க"ன்னு சொல்றத விட "கழண்ட அடையாளம் தெரிஞ்சப்புறம் எடுங்க, அது வரைக்கும் குழந்தை என்கிட்டயே இருக்கட்டும்"னு கேளுங்க, யாருக்கும் உறுத்தாது, எந்த நல்ல டாக்டரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. சண்டை போடுற தொனியில போகாதீங்க. அன்னைக்கு டியூட்டியில யார் இருப்பாங்கன்னு தெரியாது, அதனால கேஸ் ஷீட்லயே எழுதி வைக்கச் சொல்லுங்க.

அப்புறம், வலி நடுவுல மணிக்கணக்கா யூரின் போகாம இருக்காதீங்க. மழைக்கால அம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, நான் வாரத்துல ஒரு தடவையாவது பாக்குறேன்.

ரெண்டாவது_ரவுண்டு:

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், யாருக்காவது ஞாபகம் இருக்கா?

பையன் பொறந்து 12 நாள் ஆச்சு. 39 வாரம் 4 நாள்ல வலி வந்துச்சு. ஹீமோகுளோபின் 10.8க்கு ஏறியிருந்துச்சு, இருந்தாலும் ஊசின்னு முடிவு பண்ணியிருந்தோம். டாக்டர்ட்ட போன தடவை கதைய சொன்னப்ப அவங்க நடுவுல ஒரு வார்த்தை பேசாம கேட்டாங்க, "அரை மணி நேரம் உங்களுக்கு, ரத்தம் கூடுனா அந்த நிமிஷமே என் முடிவு, சரியா"ன்னாங்க. சரின்னேன். ஷீட்ல எழுதியும் வச்சாங்க.

பையன் வந்ததும் தொடையில ஊசி, சுருக்குனு கூட தெரியல. கொடி மூணு நிமிஷம். அப்புறம் காத்திருப்பு. நான் தைரியமா இருப்பேன்னு நினைச்சேன், ஆனா நர்ஸ் கைய என் வயித்து மேல வச்ச உடனே உடம்பெல்லாம் வெறைச்சுப் போச்சு, போன தடவை ஞாபகம். அவங்க அத கவனிச்சிருக்காங்க, "வச்சுப் பாக்குறேன் அவ்வளவுதான், அமுக்க மாட்டேன்"னு சொல்லிட்டு நிஜமாவே சும்மா வச்சிருந்தாங்க, உள்ளங்கை சூடா இருந்துச்சு. 10 நிமிஷம் போச்சு. 15 போச்சு. வீட்டுக்காரர் கடிகாரத்த பாக்க ஆரம்பிச்சாரு, தூக்கமில்லா அப்பா சார், உங்கள நினைச்சேன்! நான் "யூரின் போகணுமா பாருங்க"ன்னு நானே சொன்னேன், நர்ஸ் சிரிச்சுட்டாங்க, எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. பெட்பேன் வச்சாங்க, கொஞ்சம் வந்துச்சு, ரொம்ப இல்ல. பையன் அதுக்குள்ள பால புடிச்சுட்டான். கீழ குபுக்குனு ஒரு வெதுவெதுப்பு, எனக்கு பகீர்னு ஆச்சு, சும்மா சொல்றேன் சிஸ் கதைதான் கண் முன்னாடி. நர்ஸ் உடனே பாத்துட்டு "கொடி எறங்குது, இதான்"னாங்க. வயித்துல பந்து மாதிரி ஒண்ணு எழுந்து நின்னுச்சு, நானே தொட்டுப் பாத்தேன். ரெண்டு தடவை இருமுனேன். 21ஆவது நிமிஷம்.

எனக்குக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு பக்கம் கருஞ்சிவப்பா மேடும் பள்ளமுமா இருந்துச்சு, திருப்பிப் போட்டா பளபளன்னு சாம்பல் நீலம், நடுவுல கொடி, அதுல இருந்து நரம்பு மரத்து வேர் மாதிரி நாலா பக்கமும் ஓடுது. அரை கிலோ எடை. போன தடவை என்கிட்ட இருந்து புடுங்குன பொருள் இதுதானான்னு பாத்துட்டே இருந்தேன். பையன் அந்த நேரம் முழுக்க என் மேலதான் இருந்தான்.

வார்டு_அக்கா:

ரொம்ப சந்தோஷம்ம்மா, தாயும் புள்ளையும் நல்லா இருங்க. நஞ்சோட மடலெல்லாம் பொருந்துதா, சவ்வு முழுசா இருந்துச்சான்னு பாத்தாங்களா? ஒரு துண்டு உள்ள தங்கிட்டா பத்து பதினஞ்சு நாள் கழிச்சு கூட ரத்தம் திடீர்னு கூடும், காய்ச்சல் வரும், நாத்தம் வரும். அப்படி ஏதாவது இருந்தா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க.

ரெண்டாவது_ரவுண்டு:

பாத்தாங்கக்கா, விரிச்சு வச்சு ரெண்டு தடவை பாத்தாங்க, சவ்வுல பையன் வந்த ஓட்டைய கூட காட்டுனாங்க. காய்ச்சல் எதுவும் இல்ல, ரத்தம் கொறைஞ்சு இப்ப பழுப்பா வருது.